பயனாளர் திருப்தி தெரிவித்தார்

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். மறுவாழ்வு மையத்தின் வழியாக எத்தனையோ மாணவர்கள் உங்களைப் பார்க்க வந்திருப்பார்கள். அதனால் நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பொறியியல் முதலாண்டில் ‘வடிவமைப்பு அறிமுகம்’ என்று எங்களுக்கு ஒரு பாடம். அதற்காகப் போன பருவத்தில் உங்கள் வீட்டுக்கு வந்த நால்வரில் நானும் ஒருத்தி. மூன்று பையன்கள், ஒரு பெண். அந்தப் பெண் நான். ஒரு கையால் காய் நறுக்கும் பலகை செய்து கொடுத்தோமே, அந்தக் குழு. கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பதில்களுக்கு டிக் போடுவது என் வேலை. அதனால் பையன்கள் என்னை ‘டிக்’ என்றே கூப்பிடுவார்கள்.

இரண்டு முறை போன் செய்தேன். அங்கிள்தான் எடுத்தார். “அவளுக்கு போன்ல பேசப் பிடிக்காதும்மா, லெட்டர் போடு, படிப்பா” என்றார்.

நல்ல செய்தி! எங்கள் பலகைக்கு முதல் பரிசு கிடைத்திருக்கிறது. அதுவரை பரீட்சைத் தாள் தவிர வேறு எதையும் செய்து முடித்தவள் இல்லை நான். டிரில்லிங் மெஷினை முதன்முதலாகப் பிடித்தபோது என் கை ஆடிய ஆட்டத்தில் துளை முட்டை வடிவத்தில் விழுந்தது. முதல் பலகை அட்டையில் செய்தோம், ஈரம் பட்டதும் சோறு மாதிரிக் குழைந்துவிட்டது. அடுத்ததில் காயைக் குத்தி நிறுத்தும் ஆணி குட்டை. வெங்காயம் கழன்று உருண்டு பேராசிரியர் நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. அவர் குனிந்து எடுத்து, “இது யாரோட பயனாளர்?” என்று கேட்டார். கடைசிப் பலகையில்தான் எல்லாம் சரியாக அமைந்தது. கண்காட்சி மேடையில் நீங்கள் இடது கையால் தக்காளியை நறுக்கிக் காட்டியபோது நடுவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று எடுத்த படத்தைக் கல்லூரி பெரிய பேனராகப் போடப்போகிறது. மாணவர் சேர்க்கை சமயம் என்பதால் நுழைவாயிலிலேயே வைப்பார்களாம். அடுத்த வருடப் பாடப்புத்தகத்தின் அட்டையிலும் அதே படம்தான். மிக இயல்பாக வந்திருக்கிறது. உங்கள் சம்மதத்தை ஒரே வரியில் எழுதி அனுப்பினால் போதும்.

மரியாதையுடன்,
டிக்


பிப்ரவரி 17

டிக் என்கிற பெண்ணுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், கருத்து நேராக இருக்கும்.

பக்கவாதம் வந்ததிலிருந்து போனில் எனக்கு வார்த்தை வரத் தாமதமாகிறது. அதற்குள் எதிரில் இருப்பவர் என் வாக்கியத்தை முடித்து வைத்துவிடுகிறார். கடிதத்தில் யாராலும் அதைச் செய்ய முடியாது.

படத்தைப் பயன்படுத்த எனக்குச் சம்மதமில்லை. வாசலிலும் வேண்டாம், அட்டையிலும் வேண்டாம். காரணம் கேட்க வேண்டாம்.

பரிசுக்கு வாழ்த்து. பலகை நன்றாக உழைக்கிறது. என் கணவர் தினமும் அதில்தான் காய் நறுக்குகிறார். அவருக்கு இரண்டு கைகளும் நன்றாக இருக்கின்றன.


பிப்ரவரி 22

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குழுவில் படித்துக் காட்டினேன். ஒருவருக்கும் ஒன்றும் ஓடவில்லை. எங்கள் கேப்டன் (உயரமாக, எப்போதும் முதலில் பேசுவானே, அவன்தான்) சொல்கிறான், அச்சகத்துக்குக் கொடுத்தாகிவிட்டது, நிறுத்த வேண்டுமானால் நிர்வாகத்திடம் காரணம் சொல்லியாக வேண்டும் என்று. “ஆன்ட்டிக்கு போட்டோவுல தன்னைப் பார்க்கக் கூச்சமா இருக்கும். எங்க அம்மாவும் இப்படித்தான், முதல்ல வேணாம்பாங்க, அப்புறம் ஃப்ரேம் போட்டு மாட்டிக்குவாங்க” என்கிறான்.

எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். ஒரு பருவம் முழுக்க உழைத்தோம். ஆணியைத் தேய்த்துத் தேய்த்து ஒருவனுக்கு விரல் நகமே போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் உங்களைக் கேட்டுக் கேட்டுத்தானே மாற்றினோம்? கடைசியாகப் பலகையைக் கொண்டுவந்து, “எப்படி ஆன்ட்டி இருக்கு?” என்று நான்தான் கேட்டேன். “பரவாயில்லை” என்றீர்கள். அதைக் கேட்டுத்தான் அறிக்கையில் ‘பயனாளர் திருப்தி தெரிவித்தார்’ என்று எழுதினேன். படத்துக்காக மேடையில் உங்கள் சால்வையை எடுக்கட்டுமா என்றும் கேட்டேன். அப்போதும் “பரவாயில்லை” என்றுதான் சொன்னீர்கள். கேட்காமல் நாங்கள் எதையும் செய்யவில்லை.

பலகையை அங்கிள் பயன்படுத்தினால் அதுவும் நல்லதுதானே? இதில் எங்கள் தப்பு என்ன என்று தெரிந்தால் திருத்திக்கொள்வோம்.

டிக்


மார்ச் 2

டிக்குக்கு,

காரணம் கேட்காதே என்றேன். சுற்றி வளைத்து அதையே கேட்டிருக்கிறாய். இருபது வருடமாக இன்சூரன்ஸ் அலுவலகத்தில் நஷ்ட ஈட்டுப் பிரிவில் இருக்கிறேன். பிறர் எழுதித் தருவதை நம்பாமல் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். உன் கடிதத்தையும் அப்படியே படித்தேன். ‘கேட்காமல் எதையும் செய்யவில்லை’ என்ற வரியில் நீ எழுதியது உண்மை. அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிகிறது.

காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்பவனிடம் பரவாயில்லை என்கிறோம். வலிக்கவில்லை என்றா அர்த்தம்? இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்றால் பரவாயில்லை என்கிறோம். போதும், வேண்டாம் என்று அர்த்தம். சுமாரான ஒன்றைக் கொடுத்துவிட்டு ஆவலாக முகத்தைப் பார்ப்பவனிடமும் அதையே சொல்கிறோம். உன் மனம் நோக வேண்டாம் என்று அர்த்தம். நீ இந்த மொழியில்தானே பிறந்து வளர்ந்தாய்?

முதல் நாள் உங்கள் கேப்டன் கேட்டான்: “ஆன்ட்டி, ஒரு நாள்ல உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?” நல்ல கேள்வி. நான் வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. “சமையலா? காய் நறுக்கறதா?” என்று எடுத்துக் கொடுத்தான். “ம்” என்றேன். அந்த ‘ம்’மிலிருந்துதான் உங்கள் முதல் பரிசு வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் சமையல் அவர்தான். நான் சமைத்தால் எங்கள் வீட்டுப் பூனைகூட யோசிக்கும். காய் நறுக்க முடியவில்லையே என்று நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

உங்களிடம் பொய் சொன்னது நான்தான். நாலு சின்னப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்போது, இது எனக்குத் தேவையே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்கு நான் பொறுப்பு. மேடைக்கு வந்து நடித்ததற்கும் நானே பொறுப்பு.

ஆனால் சால்வைக்கு நான் பொறுப்பில்லை. “எடுக்கட்டுமா ஆன்ட்டி, கை தெரியணும்” என்றாய். பரவாயில்லை, இருக்கட்டும் என்று சொல்ல வந்தேன். பாதிதான் வாயிலிருந்து வந்தது. அதற்குள் உருவிவிட்டாய். பிடித்து நிறுத்த எனக்கு இருந்த ஒரு கையில் உங்கள் கத்தி இருந்தது.

அந்தப் புழுக்கத்தில் நான் ஏன் போர்த்தியிருந்தேன் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். நீ ஒருத்திதான் அங்கே பெண்.


மார்ச் 6

அம்மாவுக்கு,

இதற்கு முன் எழுதிப் பார்த்த பதில்களையெல்லாம் கிழித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் என்னை நியாயப்படுத்தி எங்கேயாவது ஒரு வரி வந்துவிடுகிறது.

படத்தைத் திரும்பப் பார்த்தேன். மேடை விளக்கு, உங்கள் மெல்லிய சட்டை. பார்த்ததும் புரிந்தது. சரிதானா என்று உறுதி செய்துகொள்ளப் பெரிதாக்கியும் பார்த்தேன். அப்படிப் பார்த்ததை நினைத்தால் இன்னும் அவமானமாக இருக்கிறது. அன்று மேடையில் நீங்கள் தோளைக் குறுக்கி, தலையைக் குனிந்து தக்காளியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ‘பயனாளர் கவனத்துடன் செயல்பட்டார்’ என்று நான் குறிப்பு எழுதினேன்.

கேப்டனிடம் போய்ப் படத்தை எடுத்துவிடலாம் என்றேன். “ஏன்?” என்றான். “வேணாம்னா வேணாம்.” “டிக், காரணம் சொல்லு, நானே போய்ப் பேசறேன்.” நல்லவன்தான் அவன், சொன்னால் பேசுவான். ஆனால் அவனிடம் என்ன சொல்வது? சொன்னால் அவனும் போய்ப் பெரிதாக்கிப் பார்ப்பான். நிர்வாகத்தில் சொன்னால் அங்கே உட்கார்ந்திருக்கும் ஆறு பேரும் பார்ப்பார்கள். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று காலை பேனரை மாட்டிவிட்டார்கள். நுழைவாயிலின் இடது பக்கம், இரண்டு ஆள் உயரம். வகுப்புக்கு நான் பின்வாசல் வழியாகப் போகிறேன்.

என்ன செய்யட்டும் என்று உங்களிடம் கேட்கும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் கேட்கிறேன்.


மார்ச் 13

பெண்ணே,

பாதி புரிந்துகொண்டுவிட்டாய். மீதியையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை; என் அக்காவிடம்கூட.

எனக்குக் கஷ்டமாக இருப்பது உள்ளாடையின் ஹூக். கேப்டன் கேட்ட நல்ல கேள்விக்கு நியாயமான பதில் அதுதான். மூன்று பையன்களை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வேன்?

பின்னால் ஹூக் வைத்ததை ஒரு கையால் போட முடியாது. முன்னால் ஹூக் வைத்தது வாங்கினேன். ஒரு முனையை இழுத்தால் மறுமுனை ஓடிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். தலை வழியாக மாட்டும் எலாஸ்டிக் ரகமும் பார்த்தாயிற்று. ஒருநாள் அது அக்குளுக்கு மேலே சுருண்டு, இடது கை தலைக்கு மேலே, வலது கை எங்கேயோ என்று மாட்டிக்கொண்டேன். அவர் கடையிலிருந்து வரும் வரை கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பட்டப்படிப்பு படித்தவள், பத்து பேருக்கு மேலதிகாரி.

தினமும் காலையில் அவர்தான் ஹூக் போட்டுவிடுகிறார். ஒருநாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை. பின்னால் நின்றுகொண்டு தண்ணீர்க் குழாய், ரோட்டுப் பள்ளம் என்று சத்தமாக ஏதாவது பேசிக்கொண்டே போடுவார். நானும் பதிலுக்கு நகராட்சியைத் திட்டுவேன். இருவரும் வேறு எங்கோ இருப்பதுபோல நடிக்கிறோம்.

கண்காட்சி அன்று என் மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தார். திரும்பி வந்து என்னைத் தயார் செய்வதாக ஏற்பாடு. உங்கள் வண்டி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து ஹாரன் அடித்தது. “ஆன்ட்டி, லேட்டாகுது” என்று வாசலிலிருந்து குரல். கையில் கிடைத்த சட்டையை மாட்டி, மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு ஏறிவிட்டேன்.

ஜூன் மாதத்தோடு என் விடுப்பு முடிகிறது. டாக்டர் போகலாம் என்றுவிட்டார். இடது கையால் வேலை பார்க்கவும் பழகிவிட்டேன். ஆனால் அவருக்கு வெளியூர் வேலை வந்தால், காய்ச்சல் வந்தால், அன்று நான் வீட்டை விட்டு இறங்க முடியாது. அதனால் வேலையை விட்டுவிடப்போவதாக எழுதிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். உடல்நிலை என்று எழுதினால் போதும், யாரும் தோண்டமாட்டார்கள்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். காரணத்தைச் சொல்லாமல் படத்தை இறக்க முடியுமானால் இறக்கு. முடியாவிட்டால் தொங்கட்டும். காரணம் நாலு பேர் வாயில் விழுவதைவிட, காரணம் தெரியாத நூறு பேர் பார்த்துக்கொண்டு போவது மேல்.

படித்ததும் இதைக் கிழித்துவிடு.


மார்ச் 27

அம்மாவுக்கு,

கிழித்துவிட்டேன்.

பேனரை இறக்கிவிட்டார்கள். அட்டையிலும் அந்தப் படம் வராது. காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு உண்மையைச் சொன்னேன்.

பேராசிரியரிடம் தனியாகப் போய், எங்கள் அறிக்கை தவறு என்றேன். “கணக்கிலயா?” என்றார். “இல்ல சார். அந்தம்மா சமைக்கறதே இல்ல. பலகை அவங்களுக்குத் தேவையே இல்ல. அவங்க திருப்தின்னு சொல்லல, நான் எழுதினேன்.” கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “சமைக்கறதே இல்லையா? எத்தனை தடவை அந்த வீட்டுக்குப் போனீங்க?” நான்கு தடவை என்றேன். அவர் சிரிப்பாரோ என்று பயந்தேன். சிரித்திருந்தால் தேவலை. “நாலு பேர், நாலு தடவை. யார் சமைக்கறாங்கன்னு ஒருத்தர்கூடக் கேக்கல” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

பயனாளரே இல்லாத பொருளுக்குப் பரிசு இல்லை என்று திரும்ப வாங்கிவிட்டார்கள். பரிசு போனதும் பேனரும் போயிற்று. எங்கள் நால்வருக்கும் பாடத்தில் ‘முழுமையடையவில்லை’ என்று போட்டிருக்கிறார்கள். கோடை விடுமுறையில் கல்லூரியிலேயே இருந்து வேறு வேலை செய்து காட்ட வேண்டும்.

கேப்டன் என்னுடன் பேசுவதில்லை. கடைசியாகப் பேசியது இதுதான்: “உனக்கு மனசாட்சி உறுத்துதுன்னா நீ மட்டும் ஃபெயிலாகியிருக்கலாமே டிக், எங்களையும் ஏன் இழுத்த?” அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆணி தேய்த்து நகம் போனவன் நேற்று ஒர்க்‌ஷாப்பில் பக்கத்தில் வந்து நின்றான். “முதல் நாளே பார்த்தேன். கத்தி எங்கன்னு கேட்டதுக்கு அவங்க மூணு டிராயரைத் திறந்து தேடினாங்க. அவங்க வீட்டுக் கிச்சன்லயே” என்றான். “ஏன்டா அப்பவே சொல்லல?” “நீங்கல்லாம் சந்தோஷமா எழுதிட்டிருந்தீங்க.” நானும் அந்த டிராயர்களைப் பார்த்தேன், அம்மா. வெட்கமாக இருக்கிறது. அதை எழுதுவதற்குக் கேள்வித்தாளில் கட்டம் இல்லை, அதனால் எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை வலது கையை இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு, ஒரு கையால் ஹூக் போட முயன்றேன். சுவரில் முதுகைச் சாய்த்துப் பார்த்தேன். கதவிடுக்கில் ஒரு முனையை மாட்டி இழுத்துப் பார்த்தேன். பல்லால் கடித்துக்கொண்டும் பார்த்தேன். வியர்த்து ஒழுகியதுதான் மிச்சம். அறைத்தோழி குளித்துவிட்டு வந்தாள். “என்னடி இது, யோகாவா?” என்றாள். பந்தயம் என்று சொல்லி, போட்டுவிடச் சொன்னேன். “சின்னப் பாப்பா” என்று சிரித்துக்கொண்டே போட்டுவிட்டாள். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரே அறையில் இருக்கிறோம். அன்று முழுக்க அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியவில்லை. எனக்குத் துண்டை அவிழ்த்தால் கை வந்துவிடும் என்பதையும் நினைத்தேன்.

கோடையில் செய்ய வேண்டிய வேலையை நாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார் பேராசிரியர். நீங்கள் அனுமதித்தால் இந்த ஹூக்குக்கு ஒரு வழி செய்ய ஆசை. பெண் ஆசிரியை ஒருவரிடம் மட்டும் அறிக்கை கொடுப்பேன். பெயர், ஊர், படம் எதுவும் இருக்காது. என்னிடம் எந்த யோசனையும் தயாராக இல்லை. செய்ய முடியுமா என்றும் தெரியாது. நீங்கள் முடியாது என்று எழுதினால் அதை முடியாது என்றே படிப்பேன்.


ஏப்ரல் 8

பெண்ணே,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கை காரணமில்லை.

பரிசு போனது, தோழர்கள் முகம் திருப்பிக்கொண்டது, எல்லாம் என் பொருட்டு. படம் இறங்கிவிட்டது என்று படித்ததும் எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. உங்கள் நாலு பேரின் கோடை விடுமுறை அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அந்த வரிசையை நினைத்து இரண்டு நாள் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. உங்கள் கேப்டனுக்கு நான் தனியாக எழுதுகிறேன். பொய் சொன்னது நான், நீங்கள் அல்ல என்று மட்டும் எழுதுவேன். உன்னுடன் பேசுவானா என்று தெரியாது. கோபப்படட்டும், அவனுக்கு உரிமை உண்டு.

போன வாரம் காலையில் அவர் பின்னால் நின்றுகொண்டு வழக்கம்போல ரோட்டுப் பள்ளத்தை ஆரம்பித்தார். “ஏன் இப்படிக் கத்தறீங்க? நான் இங்கதானே நிக்கறேன்” என்றேன். நிறுத்திவிட்டார். பிறகு, “நீ கூச்சப்படக் கூடாதுன்னுதான்” என்றார். “சீக்கிரம் முடிச்சிட்டா உனக்குச் சங்கடமா இருக்காதேன்னு முதல்ல நாற்காலி முதுகுல மாட்டிப் பழகினேன். நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துட்டார். என்ன சார் இதுன்னார். துணி காயப் போடறேன்னேன்.”

நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஹூக் போடாமலே இருவரும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவரிடம் எதை மறைக்கப் பாடுபட்டேன் என்று எனக்கே புரியவில்லை. அதற்காக வெட்கம் போய்விட்டது என்று நினைக்காதே. மறுநாள் காலையில் அது அப்படியே இருந்தது. அவர் மெதுவாகப் பேசினார், அவ்வளவுதான்.

ராஜினாமாவை இன்னும் கொடுக்கவில்லை. ஜூன் வரை பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். உன்னால் முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இதை உற்பத்தி செய்யும் பெரிய கம்பெனிகளுக்கே இந்த யோசனை இன்னும் வரவில்லை, ஒரு முதலாண்டுப் பெண்ணுக்கு வந்துவிடுமா? இன்னொருத்தி எதிரில் நிற்கப் போவதை நினைத்தால் இப்போதே உடம்பு கூசுகிறது. நீ வாசலில் நிற்கும்போது கதவைத் திறக்காமல் இருந்தாலும் இருப்பேன். அப்படியானால் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் போய்விடு, இன்னொரு நாள் வா.

சனிக்கிழமை காலை வா. தனியாக வா. அவரை நூலகத்துக்கு அனுப்பிவிடுகிறேன். கேள்வித்தாள் வேண்டாம். வரும்போது தையல் கடையில் வைத்திருப்பார்களே, அந்தத் துணி அளவுநாடா ஒன்று வாங்கிக்கொண்டு வா. எங்கள் வீட்டில் இருப்பது அவர் மரச்சாமான் அளக்கும் இரும்பு நாடா. உடம்பில் பட்டால் குளிரும்.